உபதேசியார் ஐயாவுக்கு நன்றி

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது, பேச்சிப்பாறைக்கு மேலுள்ள எங்கள் மலைக் குடியிருப்பில் ரப்பர் மரங்கள் பாதையெங்கும் முறிந்து கிடக்க, மூச்சுத் திணறலால் தவித்த என் தாயாரைக் குலசேகரத்திலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வழியின்றி நின்றேன். கிறிஸ்தவச் சிற்றாலயத்தின் உபதேசியார் (போதகருக்குத் துணையாகச் சபையைக் கவனிக்கும் ஊழியர்) மணியை விடாமல் அடித்து ஆட்களைக் கூட்டினார். வெட்டுக்கத்தியுடன் முன்னே நடந்து கிளைகளை வெட்டி வழி செய்தார். பின்னர், நாற்காலியில் அமர்த்திய அம்மாவை மற்ற மூவரோடு சேர்ந்து சுமந்தார். நாங்கள் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதை அறிந்தும் அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

மின்சாரம் இல்லாத நாட்களில் ஆலயப் பணியாளர்கள் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் சமைத்து, மலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் வீடுகள்வரை கொண்டுசென்றார்கள். 1806இல் குமரிப் பகுதியின் மயிலாடிக்கு வந்த கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தௌபேயின் ஊழியத்தில் ஆலயத்தோடு பள்ளியும் சேர்ந்தே எழுந்தது என்று படித்திருக்கிறேன்; வழிபாட்டோடு மக்கள் தொண்டும் சேர்ந்த அந்த மரபை நான் கண்ணால் கண்டது அந்த வாரத்தில்தான்.

எல்லாரும் ‘உபதேசியார்’ என்றே அழைத்ததால் அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. நன்றி சொல்லச் சென்ற நாளில் அவர் வேறு சபைக்கு மாற்றலாகியிருந்தார். ஐயா, அன்று நீங்கள் சுமந்த என் தாயார் உங்களை இன்றும் ‘என் மகன்’ என்றே சொல்கிறார்.