எஸ்டிமேட்டில் அந்த இரண்டு பெட்டி எதற்கு?

நம் கடை வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் மட்டும் நாலு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "மாடியில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ரூம் இருக்கிறது, பாட்டு ரெக்கார்டிங் செய்கிற மாதிரி ஆக்கித் தாருங்கள் என்றேன். எஸ்டிமேட்டில் சுவருக்கு ஒரு தொகை, கதவுக்கு ஒரு தொகை, சரி. அதற்குக் கீழே காற்றுப் பெட்டி இரண்டு, டக்ட் என்கிற காற்றுக் குழாய், ஃபேன் என்று எழுதி மொத்தத்தில் கால்வாசிக் காசு கேட்டிருக்கிறீர்கள். ஏசிதான் மாட்டப் போகிறோமே, இது எதற்கு?"

நியாயமான கேள்வி. போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களில் பலருக்கு எங்களை ரேடியோ செட் காலத்திலிருந்தே தெரியும். கல்யாண வீடு, கந்தூரி, முளைப்பாரி, சர்ச் திருவிழா என்று ஊரைத் தூங்கவிடாமல் செய்த ஆட்கள்தான் நாங்கள். சத்தத்தை அடக்குகிற வேலையைப் பிறகுதான் எடுத்தோம். அதனால் ஆரம்பத்தில் தப்பு செய்திருக்கிறோம். முதல் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றது அதிலிருந்து தானாகப் புரியும்.

பெரியபட்டினம் பக்கம் ஒரு தம்பி வீடு. செங்கல் சுவருக்கு உள்ளே தொடாமல் இன்னொரு சுவர் எழுப்பினோம், ஜன்னலைக் கட்டி அடைத்தோம், கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டினோம். வேலை முடிந்த அன்று வாசலில் பழைய குழாய் ஸ்பீக்கரை வைத்து அலறவிட்டோம். உள்ளே லேசான முணுமுணுப்புதான். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாம் நாள் போன் வந்தது. "அண்ணே, மூணு பேர் உள்ள போய்ப் பாடினா அரை மணி நேரத்துல தலை பாரமாயிடுது. கொட்டாவி கொட்டாவியா வருது. ஏசி ஓடுது, குளுகுளுன்னுதான் இருக்கு." கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். சொன்ன பிறகுதான் உறைத்தது: கதவைத் திறந்து வைத்துக்கொள்வதற்கு அவர் எங்களுக்கு எதற்குப் பணம் கொடுத்தார்?

நம் வீடுகளில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, அதையே திருப்பி விடுகிறது. சாதாரண அறையில் இது தெரியாது, ஏனென்றால் கதவடியிலும் ஜன்னல் இடுக்கிலும் காற்று தானாக வந்து போகும். ரெக்கார்டிங் அறையில் அந்த இடுக்கு ஒவ்வொன்றையும் தேடித் தேடி அடைப்பதற்குத்தான் நாங்கள் கூலி வாங்குகிறோம்.

ஒரு கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒன்பது அடி உயரம் என்றால் உள்ளே சுமார் 30,000 லிட்டர் காற்று. பாடிக்கொண்டிருக்கிற ஒருவர் மணிக்கு 20 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயுவை வெளிவிடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் என்றால் 60 லிட்டர். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு இருக்கிற இந்த வாயு, அடைத்த அறையில் இருபது நிமிஷத்துக்குள் 1,000 பங்கைத் தாண்டிவிடும், ஒரு மணி நேரத்தில் 2,400 பங்குக்குப் போய்விடும். 1,000 பங்கைத் தாண்டினாலே காற்று புழுக்கமாகிவிட்டது என்பது கட்டிடக்காரர்களின் பொதுவான அளவுகோல். பயப்பட வேண்டாம், ஆக்சிஜன் தீர்ந்து யாரும் விழுந்துவிட மாட்டார்கள். ஆனால் அசதி வரும், கவனம் சிதறும், ஆறாவது டேக் முதல் டேக்கைவிட மோசமாக வரும்.

"அப்படியென்றால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துவிடலாமே?" இது அடுத்த கேள்வி.

இருபக்கமும் பூச்சு பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 50 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) தடுக்கும். அந்தச் சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு ஓட்டை போட்டால், மிச்சச் சுவர் கோட்டை மதிலாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. பத்தடிக்கு ஒன்பதடிச் சுவரில் பன்னிரண்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை என்பது கிட்டத்தட்ட அந்த நூறில் ஒரு பங்குதான். அதாவது ஒரே ஓட்டையில் செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி மொத்தமும் வெளியே போய்விடுகிறது. ஃபேனின் இரைச்சல் வேறு மைக்குக்குள் வரும்.

காற்று போக வேண்டும், சத்தம் போகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உட்காருவதுதான் அந்தப் பெட்டி. கனமான பிளைவுட்டில் இரட்டை அடுக்காகச் செய்த நீளப் பெட்டி. உள்ளே குறுக்குத் தடுப்புகள் இருக்கும், காற்று பாம்பு மாதிரி நாலைந்து தரம் வளைந்துதான் வெளியேற முடியும். உட்பக்கம் முழுக்க 2 அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த நார்ப் பஞ்சு), நார் பறக்காமலிருக்க மேலே கறுப்புத் துணி. காற்று வளைந்து நெளிந்து போய்விடும். சத்தம் ஒவ்வொரு வளைவிலும் முட்டி, ராக்வூலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவிடும். கீச்சென்ற சத்தமெல்லாம் சுலபமாகத் தேயும். தவில், டீசல் எஞ்சின் மாதிரி அடிவயிற்றுச் சத்தம் லேசில் தேயாது, அதனால்தான் பெட்டி அவ்வளவு நீளமும் கனமுமாக இருக்கிறது. ஆசாரி நாலு நாள் உட்கார்ந்து செய்கிற வேலை. உள்ளே வருகிற காற்றுக்கு ஒன்று, வெளியே போகிற காற்றுக்கு ஒன்று. ஒரு பெட்டியை மட்டும் வைத்தால் போதாதா என்று கேட்டவருக்கு: மறுபக்கம் ஓட்டையில்லாத பாட்டிலுக்குள் எவ்வளவு நேரம் ஊத முடியும்?

ஃபேன் அறைக்குள்ளும் இருக்காது, பெட்டிக்குள்ளும் இருக்காது. வெளியே வராண்டாவிலோ மாடிப்படிக் கூரையடியிலோ ரப்பரில் தொங்கும், டக்ட்டோடு மெத்தென்ற இணைப்பு இருக்கும். சின்ன ஃபேனை வேகமாக ஓட்டுவதைவிடப் பெரிய ஃபேனை மெதுவாக ஓட்டுவது எங்கள் வழக்கம். காற்றின் வேகம் பாதியானால் அது போடுகிற இரைச்சல் 15 டெசிபலுக்கு மேல் இறங்குகிறது. மூன்று பேருக்கு விநாடிக்கு 25 லிட்டர் புதுக்காற்று போதும். அதை 6 அங்குலக் குழாயில் அனுப்பினால் விநாடிக்கு 1.4 மீட்டர் வேகம், 8 அங்குலக் குழாயில் 0.8 மீட்டர். இரண்டு அங்குலத்துக்கு ஏன் கூடுதல் காசு என்று பேரம் பேசாதீர்கள், உங்கள் மைக்குக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஃபேன் ரெகுலேட்டரையும் கண்டதை மாட்ட வேண்டாம். பழைய திருகு வகை டிம்மர் போட்டால் மோட்டாரும் உறுமும், ஆம்ப்ளிஃபையர் லைனிலும் ரீங்காரம் வரும். கரண்ட் போனால் ஓடுகிற இன்வெர்ட்டரும் சைன் வேவ் வகையாக இருக்கட்டும்.

இனி நம் ஊர்க் கடல் சமாசாரம். மற்ற ஊரில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு இல்லாத தலைவலி இது.

இங்கே காற்று என்றால் பாதி தண்ணீர். புழுக்கமான ஒரு நாளில் மேலே சொன்ன அளவு வெளிக்காற்றை உள்ளே விட்டால் அதோடு சேர்ந்து மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஈரம் வருகிறது. அதை ஏசிதான் பிழிந்து எடுக்க வேண்டும். எனவே அறையளவைப் பார்த்துச் சொல்கிற டன் கணக்கோடு மூன்றில் ஒரு பங்கு டன் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறோம். கம்பெனியில் எங்களுக்குக் கமிஷன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஈரம் நின்றுபோனால் சுவருக்குள் இருக்கிற ராக்வூல் நனையும், பூஞ்சை வாடை அடிக்கும், ஆர்மோனியத்தின் கட்டை உப்பிக்கொள்ளும். ஃபேனை உள்ளே தள்ளுகிற பக்கம் வைப்பதும் இதற்காகவே. அறைக்குள் காற்றழுத்தம் ஒரு துளி கூடுதலாக இருந்தால் ஈரக்காற்று கண்ட சந்தில் நுழையாது.

பிறகு உப்பு. ஆரம்பத்தில் நாங்கள் மாட்டிய தகர உடல் ஃபேன் ஒன்று வருஷம் திரும்புவதற்குள் துருவேறி, கிரீச் கிரீச் என்று ஒரு பாட்டு முழுவதும் கூடவே பாடியது. இப்போது பிளாஸ்டிக் உடல் ஃபேன் மட்டும். வெளிப்பக்கத் திருகாணி எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதற்குக் கீழான 304 தரம் போட்டால் கடலோரத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பேறுகிறது.

காற்று இழுக்கிற வாயை எந்தத் திசையில் வைப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை நடந்திருக்கிறது. கச்சான் என்கிற மேல்காற்றுக் காலத்தில் மேற்கு பார்த்த வாய் மணலையும் உப்பையும் வாரிக் குடிக்கும், ஊளையும் இடும். சரி என்று கிழக்கே திருப்பினால் ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வருகிற மழை நேரே உள்ளே. கடைசியில் கீழ் நோக்கிக் குனிந்த மூடி போட்டு, வலைக்குப் பின்னால் கழுவிப் போடுகிற ஃபில்டர் வைத்தோம். மன்னார் வளைகுடாப் பக்கம் வீடு உள்ளவர்கள் அதை மாதம் ஒருமுறை கழுவுங்கள். முரட்டு அலை அடிக்கிற மன்னார் பக்கத்தை ஆண் கடல், அமைதியான பாக் பக்கத்தைப் பெண் கடல் என்று பெரியவர்கள் சும்மா பிரிக்கவில்லை, பாக் நீரிணைப் பக்கத்து ஃபில்டர் எவ்வளவோ தேவலை.

இன்னொரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். பாம்பன் பக்கம் ஒரு வீட்டை மே மாதத்தில் போய்ப் பார்த்தோம். இரண்டு ராத்திரி மீட்டர் வைத்து அளந்தோம், அத்தனை அமைதி. அந்த அமைதிக்கு ஏற்ற சுவரையே கட்டிக் கொடுத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பது இந்தக் கரையில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்களுக்கு மட்டும் அன்று மறந்துபோயிற்று. தடை முடிந்ததும் எஞ்சின்களெல்லாம் ஒன்றாகக் கிளம்பின. கீச்சென்ற சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை, அந்த 'டுப் டுப்' மட்டும் சுவரையே தவில் தோலாக்கி அடித்தது. உள்சுவரைப் பிரித்து, இடைவெளியை இரட்டிப்பாக்கி, இன்னொரு அடுக்கு சிமெண்ட் போர்டு ஏற்றினோம். பாதிச் செலவு எங்களுடையது. அப்படியும் விடியற்காலையில் அந்த வீட்டுக்காரர் பதிவு வைத்துக்கொள்வதில்லை.

ரயில் விஷயமும் அதே மாதிரிதான். 2022 டிசம்பர் முதல் 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப்பாலம் திறக்கிற வரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலே வரவில்லை. அந்த இடைவெளியில் தண்டவாளத்தை ஒட்டி அறை கட்டியவர்கள் இருந்தால் ஒருமுறை வந்து சொல்லுங்கள், கதவையாவது மாற்றிப் பார்க்கலாம்.

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. வழக்கமான ஃப்ளஷ் டோர் (வழுவழுப்பான தட்டைக் கதவு) உதவாது, பலவற்றில் உள்ளே வெறும் கூடு. கனமான கதவே போட்டாலும் அடியில் கால் அங்குலச் சந்து விட்டால் 40 டெசிபல் கதவு 25 டெசிபல் கதவாகிவிடும். ராத்திரியில் உள்ளே பிரகாசமான விளக்கை ஏற்றி, வெளியே இருட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தில் சத்தமும் கசியும். ஸ்விட்ச் பெட்டி, ஏசி பைப் ஓட்டை இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

முட்டை அட்டை, ஸ்பாஞ்ச் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்பாஞ்ச் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், பக்கத்து வீட்டு ஆடு கத்துவதைத் தடுக்காது. சத்தத்தைத் தடுப்பது எடை, இடைவெளி, ஓட்டையின்மை, இவைதான். முட்டை அட்டை எதையும் சரியாகச் செய்யாது, நன்றாக எரியும்.

நாங்கள் தேவையே இல்லாதவர்களும் உண்டு. தனியாக உட்கார்ந்து பாடம் நடத்தி வீடியோ போடுகிறவர், குரல் மட்டும் பதிகிறவர், கால் மணிக்கு ஒருமுறை கதவைத் திறக்க முடிகிறவர் இவர்களுக்கு அறைக்குள் அறை வீண்செலவு. உள்பக்க அறையாகப் பார்த்து, துணி நிறைந்த பீரோவை முதுகுக்குப் பின்னால் வைத்து, கனத்த ஜமுக்காளம் இரண்டைத் தொங்கவிடுங்கள். பாங்கு நேரமும் கோயில் மணி நேரமும் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

மற்றவர்கள் அளவெடுக்கக் கூப்பிடும்போது மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: உள்ளே அதிகபட்சம் எத்தனை பேர், என்ன வாத்தியம், மேலே கான்கிரீட்டா ஷீட்டா. ஷீட் கூரை என்றால் மழைச் சத்தத்துக்குத் தனிக் கணக்கு உண்டு, அது இந்த எஸ்டிமேட்டில் வராது. காற்றுப் பெட்டி வேண்டாம், சுவர் மட்டும் போதும் என்பவர்களுடைய வேலையை இனி எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம், தப்பாக நினைக்க வேண்டாம்.

கடையில் மாதிரிப் பெட்டி ஒன்றை மூடியில்லாமல் வைத்திருக்கிறோம், உள் வளைவெல்லாம் கண்ணால் பார்க்கலாம். மூடியைப் போட்டு ஒரு முனையில் செல்போனில் பாட்டை வைத்துவிட்டு, மறுமுனையில் காதை வையுங்கள், காற்று வருகிறதா என்று கையையும் வையுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் கடை இருக்காது.

இப்படிக்கு,
கடைக்காரரும் ஆசாரிமாரும்