வியன்னாவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ அனுப்பிய ஷோன்புருன் அரண்மனைப் படங்களைப் பார்த்தோம். அழகுதான். ஆனால் கண்ணம்மா, வியன்னாவிலேயே இருந்துகொண்டு யூதர் சதுக்கத்துப் பக்கம் இன்னும் போகவில்லை என்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன்னிடம் வந்திருந்தபோது, நீ வேலைக்குப் போன பகல்களில் நான் நடந்து திரிந்த தெருக்கள் அவை.

ஸ்டீபன் பேராலயத்திலிருந்து புறப்படு. பெருவாசலின் இடப்பக்கச் சுவரில் இரண்டு உலோக முழக்கோல்கள் பதிந்திருக்கும். துணிக்கடைக்காரர் அளவில் ஏமாற்றினாரா என்று அந்தக் காலத்து மக்கள் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் யூதர் சதுக்கம். 1421-இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் கோமகன் வியன்னா யூதர்களைத் துரத்தினான், எஞ்சியவர்களை எரித்தான். அவர்களுடைய தொழுகைக்கூடம் இடிக்கப்பட்டது. அதன் அடித்தளம் இன்றும் சதுக்கத்தின் கீழே இருக்கிறது; அருங்காட்சியகத்தின் வழியாக இறங்கிப் பார்க்கலாம். மேலே சிற்பி ரேச்சல் வைட்ரீட் நூலக வடிவில் வடித்த கான்கிரீட் சிற்பம் நிற்கிறது. புத்தகங்களின் முதுகு உள்பக்கம் திரும்பியிருப்பதால் ஒரு தலைப்பைக்கூடப் படிக்க முடியாது. நாஜிகள் கொன்ற 65,000 ஆஸ்திரிய யூதர்களுக்கு 2000-இல் எழுப்பிய நினைவிடம் அது. சுற்றிலும் அவர்கள் கொல்லப்பட்ட ஊர்களின் பெயர்கள். நின்று, ஒவ்வொன்றாகப் படி.

பிறகு, 2-ஆம் எண் வீட்டை நிமிர்ந்து பார். 1421 படுகொலையைப் புகழ்ந்து லத்தீனில் பொறித்த கல்வெட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. கிறிஸ்தவர்களின் பங்கை ஒப்புக்கொண்டு வருந்தும் பலகையை அதே சதுக்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபை 1998-இல் வைத்தது. கல்வெட்டைப் பெயர்த்து எடுக்காததே சரி என்பேன். எடுத்திருந்தால் குற்றத்தின் சாட்சியும் போயிருக்கும்.

அருகிலுள்ள ஹோஹர் மார்க்ட் சதுக்கத்தில் பகல் 12 மணிக்கு ஆங்கர் கடிகாரத்தின் பன்னிரண்டு உருவங்களும் வரிசையாக வரும். கூட்டம் இருக்கும், பார்த்துவிட்டுக் கிளம்பு.

கடைசியாக ஸைட்டன்ஸ்டெட்டன் சந்து. அங்குள்ள யூதத் தொழுகைக்கூடம் 1826-இல் திறக்கப்பட்டது. கத்தோலிக்கம் அல்லாத வழிபாட்டிடம் தெருவைப் பார்த்து நிற்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். அதனால் கட்டடக் கலைஞர் கோர்ன்ஹொய்சல் அதைக் குடியிருப்பு வீடுகளுக்குள் ஒளித்துக் கட்டினார். 1938 நவம்பரில் நகரத்தின் மற்ற தொழுகைக்கூடங்களைக் கொளுத்தியவர்கள் இதற்குத் தீ வைக்கவில்லை. வைத்தால் ஒட்டியிருந்த வீடுகளும் எரிந்திருக்கும். உள்ளே சூறையாடினார்கள், கட்டடம் பிழைத்தது. ஒடுக்கப் போட்ட சட்டமே காப்பாற்றியதை நினைத்து அந்தச் சந்தில் வெகுநேரம் நின்றேன்.

வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். 1981-இல் இந்தத் தொழுகைக்கூடத்தின் மீது நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு காவல் கடுமை. பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போ. போய் வந்ததும் எழுது.

அன்புடன்,
அப்பா