வளையத்தின் எண் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காலில் வளையத்துடன் பிடிபட்ட ‘மர்மப் பறவை’ பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பறவையைப் பிடித்த இளைஞர்களின் படம் இருந்தது. காவல் நிலையத்தில் ஒப்படைத்த நேரம் இருந்தது. ஊரில் பரவிய பீதியும் இருந்தது. வளையத்தில் என்ன பொறித்திருந்தது என்பது மட்டும் இல்லை. அந்தப் பறவை எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன வயது என்ற கேள்விகளுக்கு விடை தேட உதவுவது அந்தச் சில எழுத்துகளும் எண்களும்தான்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. எங்களுக்குப் பக்கத்தில் கோடியக்கரையிலும் பல பத்தாண்டுகளாக இப்பணி நடக்கிறது. கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் ஒரு வரியும், ஒரு தொடர் எண்ணும் அந்த அலுமினிய வளையத்தில் இருக்கும். இதில் மர்மம் ஏதும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் உப்பளத் தொழிலாளி ஒருவரின் சாவிக்கொத்தில் அப்படியொரு வளையத்தைப் பார்த்தேன். மிளகு அளவேயான அந்த வளையத்தின் எண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. பாத்தி ஓரத்தில் செத்துக் கிடந்த கொசு உள்ளான் என்ற சிறு பறவையின் காலில் இருந்து கழற்றியதாகச் சொன்னார். எந்த ஆண்டு என்று கேட்டேன். இரண்டு வருஷம் இருக்கும், மூன்றாகவும் இருக்கலாம் என்றார். எண்ணை அனுப்பியதும், கோடியக்கரையிலேயே வளையமிடப்பட்ட பறவை அது என்று தேதியுடன் பதில் வந்தது. ஆனால் அது இறந்த நாள் தெரியாததால், வடதுருவத்தை ஒட்டிய தூந்திரச் சமவெளிக்குப் போய் எத்தனை முறை இதே உப்பளத்துக்குத் திரும்பி வந்தது என்பதைக் கணக்கிட வழியில்லாமல் போயிற்று. கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு பறவையின் வாழ்நாள் பதிவில் பாதி அங்கேயே தொலைந்தது. அந்தத் தொழிலாளியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆகவே, எண்ணோடு நாளும் இடமும் பறவை உயிரோடு இருந்ததா என்பதும் சேர்ந்தால்தான் தகவல் முழுமை பெறும். எண்ணில் பாதிதான் தெரிகிறது என்றாலும் தெரிந்ததை அனுப்பலாம். காலில் நிறக் கொடி எனப்படும் சிறு நிறப் பட்டை மாட்டிய பறவையானால் எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்னென்ன நிறம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். (நாம் முழங்கால் என்று நினைக்கும் அந்த மூட்டு உண்மையில் பறவையின் கணுக்கால்.) வளையத்தைப் படிப்பதற்காகப் பறவையைப் பிடிப்பது தவறு, உயிருள்ள பறவையிடமிருந்து வளையத்தைக் கழற்றவே கூடாது. கூந்தன்குளத்துக்கு வந்த வரித்தலை வாத்துகளின் கழுத்துப் பட்டை எண்ணைத் தொலைநோக்கியில் படித்தே, அவை மங்கோலியாவில் அடையாளமிடப்பட்டவை என்று அறிந்தார்கள். இறந்த பறவையை வெறுங்கையால் தொடாமல் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

பந்தயப் புறாக்களுக்கும் வளையம் உண்டு. குஞ்சாக இருக்கும்போதே மாட்டப்படும் அது இணைப்பில்லாத முழு வளையம். காட்டுப் பறவையின் வளையத்திலோ வளைத்துச் சேர்த்த இடம் தெரியும். இந்த வேறுபாட்டைச் செய்தியாளர்கள் அறிந்திருப்பது அவசியம். 2023 மே மாதம் மும்பையில் சீன உளவுப் புறா என்ற சந்தேகத்தில் பிடிபட்ட ஒரு பறவை, உண்மையில் தைவானின் பந்தயப் புறா; அது சுமார் எட்டு மாதங்கள் அடைபட்டுக் கிடந்தே விடுதலை ஆனது. ‘உளவு’, ‘மர்மம்’ என்று தலைப்பிடும்போது அந்தக் கூண்டின் பூட்டில் நமக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

இனி இத்தகைய செய்தி வரும்போது வளையத்தில் உள்ளதை அப்படியே அச்சிட்டு, கழகத்துக்கும் வனத்துறைக்கும் தெரிவிக்கும் முறையை இரண்டு வரிகளில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரப் பறவையைப் பொறுத்தவரை, தங்கள் செய்தியாளர் எடுத்த படங்களில் அதன் கால் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றாவது இருக்கக்கூடும். அதைப் பெரிதாக்கிப் பார்த்து, தெரியும் எண்ணைத் தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பணிநிறைவு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
வேதாரண்யம்.