பழகிடும் என்று சொல்லாதீர்கள்: ஓசூரில் ஷிப்ட் அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர் சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் உள்ள தொழிற்சாலைகளில் ஷிப்ட் அட்டவணை போடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாலக்கோட்டில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. உங்கள் கம்பெனி பஸ்களைத்தான் தெரியும். விடியற்காலை நாலேகாலுக்கு நான் நடக்கக் கிளம்பும்போது, டிபன் டப்பாவும் கையுமாக ரோட்டோரம் நிற்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள்.

அவர்களில் ஒருவன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். வந்த கால் மணி நேரத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். என் மனைவி காபியை மூடி வைத்தாள். எழுந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு, "நைட்டு கூட பரவாயில்ல சார். செகண்ட் முடிஞ்சு ஃபர்ஸ்ட் மாறுற அன்னைக்குத்தான் செத்துப் பொழைக்கிறோம்" என்றான். போனில் அட்டவணையைக் காட்டினான். ஒரு வாரம் நைட் (இரவு 10 முதல் காலை 6), அடுத்த வாரம் செகண்ட் (மதியம் 2 முதல் இரவு 10), அதற்கடுத்த வாரம் ஃபர்ஸ்ட் (காலை 6 முதல் மதியம் 2), மறுபடி நைட். வார லீவு ஆளுக்கொரு நாள். அதனால் ஞாயிறு இரவு 10 மணிக்கு வேலை முடித்தவன் திங்கள் காலை 6 மணிக்கு மறுபடி கேட்டுக்குள் நிற்க வேண்டும். நடுவில் 8 மணி நேரம். பஸ்ஸில் வர ஒன்றரை, போக ஒன்றரை. மிச்சம் ஐந்து மணி நேரத்துக்குள் குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

இதை அவன் மேலே கேட்டிருக்கிறான். "ஒரு வாரத்துல பழகிடும்பா" என்று பதில் வந்திருக்கிறது.

பழகாது. ஏன் பழகாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

ராயக்கோட்டைப் பக்கம் ராத்திரியில் போயிருப்பீர்கள். சாமந்தித் தோட்டங்களில் வரிசையாக பல்பு எரியும். சாமந்திக்கு நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். செடி உயரமாகும்வரை மொட்டு வேண்டாம் என்று நினைக்கிற விவசாயி நடு ராத்திரியில் விளக்கைப் போட்டு, இரவை இரண்டாக வெட்டிவிடுகிறார். செடி ஏமாந்துபோகிறது. ராத்திரி வெளிச்சம் உயிரின் உடம்புக்குள் கைவைக்கும் என்பதை எங்கள் ஊர் விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், செடி முக்கியமாகச் சிவப்பு ஒளியைக் கவனிக்கிறது. நம் உடம்பு நீல ஒளியைக் கவனிக்கிறது. விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல், வெளிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட சில செல்கள் உண்டு. வானத்தின் நீலத்துக்கு அவை அதிகம் துடிக்கும்.

அந்தச் செல்கள் சேதி சொல்வது மூளையின் அடியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்கு மேலே உள்ள இரண்டு சின்ன நரம்பணுக் கொத்துகளுக்கு. இவைதான் உடம்பின் கடிகாரம். எலியில் இரண்டிலும் சேர்த்து சுமார் 20,000 நரம்பணுக்கள், அவ்வளவுதான். 1972-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே இந்த இடத்தை எலிகளில் அழித்துப் பார்த்தன. எலிகள் ஓடின, குடித்தன, தூங்கின. ஆனால் எதற்கும் வேளை இல்லாமல் போயிற்று. நான் வகுப்பில் விரும்பிச் சொல்லும் கதை இதற்கு அப்புறம் நடந்தது. 1988-ல் ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற பிராணியின் ஒரு வகையில் பிறவிக் கோளாறு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரம் அல்ல, 20. இரண்டு வருடம் கழித்து, கடிகாரம் அழிக்கப்பட்ட ஒரு சாதாரண ஹாம்ஸ்டருக்கு அந்த 20 மணி நேரக்காரனின் திசுவை வைத்தார்கள். வாங்கிக்கொண்ட பிராணியும் 20 மணி நேர நாள் வாழ ஆரம்பித்தது. மன உறுதி, ஒழுக்கம், பழக்கம் எதற்கும் அதில் வேலையே இல்லை.

இந்தக் கடிகாரத்தின் கட்டளை நேராகப் பீனியல் சுரப்பிக்குப் போவதில்லை. தண்டுவடம் வழியாக இறங்கி, கழுத்தில் இருக்கும் ஒரு நரம்பு முடிச்சைத் தொட்டு, மறுபடி மேலேறி மண்டைக்குள் போகிறது. இருட்டிய பிறகு அந்தச் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். வெளிச்சம் பட்டால் நிறுத்திவிடும். 1958-ல் ஏரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் மாடுகளின் பீனியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். தவளையின் தோலை வெளுக்க வைக்கும் பொருளைத் தேடிப் போனவர் அவர். இரவின் சேதியாளைக் கொண்டுவந்தார். பகலில் விழிக்கும் மாட்டுக்கும் இரவில் திரியும் எலிக்கும் மெலடோனின் இரவில்தான் கூடும் என்பதை மட்டும் கவனியுங்கள். எலி அந்த நேரத்தில் ஓடியாடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இது தூக்க மருந்து அல்ல. வெளியே இருட்டு என்று உடம்புக்குச் சொல்லும் தண்டோரா.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்னொரு மாணவனுடைய கம்பெனியில் பாதுகாப்பு வாரக் கூட்டத்தில் "தூக்கம் வரலன்னா மெலடோனின் மாத்திரை போட்டுக்குங்க" என்று யாரோ பேசிவிட்டுப் போயிருக்கிறார். மாலையில் எடுத்தால் கடிகாரம் சீக்கிரமான பக்கம் நகரும். காலையில் எடுத்தால் தாமதமான பக்கம் நகரும். நேரம் தப்பினால் வேண்டாத பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், வௌவால்களின் கடிகாரத்தைக் குகைக்குள்ளேயே போய் ஆராய்ந்த எம்.கே. சந்திரசேகரனும் அவரோடு இருந்தவர்களும் நம் ஊர் வயல் சுண்டெலியை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். வெளிச்சம், இருட்டு நேரத்தை மாற்றிவிட்டு, சரியான வேளையில் மெலடோனின் கொடுத்தபோது எலி புது நேரத்துக்குச் சீக்கிரம் ஒத்துப்போனது. வேளைதான் அதில் விஷயம். வாரா வாரம் வேளையே மாறுகிறவன் எந்த வேளைக்கு மாத்திரை போடுவான்?

சரி, அட்டவணைக்கு வருகிறேன்.

வெளிச்சம் இல்லாமல் விட்டால் மனித உடம்பின் நாள் சராசரியாக 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம், சுமார் 24.2. அதனால் நாளை நீட்டுவது நமக்கு எளிது, சுருக்குவது கடினம். லேட்டாகத் தூங்குவது யாருக்கும் வரும். சீக்கிரம் தூங்கச் சொல்லிப் பாருங்கள். விமானத்தில் மேற்கே போனவர்களின் கடிகாரம் நாளுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் நகர்கிறது, கிழக்கே போனவர்களுக்கு ஒரு மணி நேரம்தான். 8 மணி நேர மாற்றத்துக்கு இதை வகுத்துப் பாருங்கள். நைட், செகண்ட், ஃபர்ஸ்ட் என்று பின்னால் போகும் சுற்று, கிழக்கே போவதைப் போல நாளைச் சுருக்குகிறது. அதில் உடம்பு ஒத்துவர எட்டு நாள் ஆகும். நீங்கள் ஏழாம் நாள் மாற்றிவிடுகிறீர்கள். இதுகூட நல்லபடியான கணக்கு. நைட் முடித்து வருகிறவன் முகத்தில் தினமும் வெயில் அடிப்பதால் அவன் கடிகாரம் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இதை வேலைத்தலத்திலேயே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பெரிய உப்பேரிக் கரையில் பொட்டாஷ் எடுக்கும் ஆலை. அங்கேயும் உங்களைப் போலவே வாரம் ஒரு ஷிப்ட், பின்னோக்கி. சைஸ்லர் என்ற ஆய்வாளரும் அவரது கூட்டாளிகளும் அதை முன்னோக்கித் திருப்பி, 21 நாளுக்கு ஒருமுறை மாறும்படி செய்தார்கள். 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். தொழிலாளர்களின் திருப்தியும் உடல்நிலையும் தேறின, வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள், உற்பத்தி கூடியது. கடைசி இரண்டும் உங்கள் மீட்டிங்கில் எடுபடும் என்று நினைக்கிறேன்.

நான் கேட்பதும் அதுதான். ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்று முன்னோக்கிச் சுற்றுங்கள். 21 நாள் நைட் என்றால் நம் குடும்பங்கள் தாங்காது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றலாம், அப்போது கடிகாரம் நகர ஆரம்பிக்கும் முன்பே பகலுக்குத் திரும்பிவிடலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் என்பதுதான் எனக்குப் புரியாத கணக்கு.

முன்னோக்கிய சுற்றில் ஃபர்ஸ்டிலிருந்து செகண்டுக்கு 24 மணி நேர இடைவெளி தானாகக் கிடைக்கும், செகண்டிலிருந்து நைட்டுக்கும் அப்படியே. சிக்கல் ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். நைட் முடிகிற காலை 6 மணியிலேயே ஃபர்ஸ்ட் தொடங்குகிறது. ஆகவே வார லீவை அந்த இடத்தில் வைத்தே ஆக வேண்டும், ஆளுக்கொரு நாள் என்று சிதறவிட முடியாது. இன்னொன்று, பின்னோக்கிய சுற்றைப் பிள்ளைகளே விரும்பிக் கேட்பதும் உண்டு. ஃபர்ஸ்டிலிருந்து நைட்டுக்கு மாறும்போது 32 மணி நேரம் கிடைக்கிறது, ஊரில் கல்யாணம் காட்சி பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சலுகைக்காக மற்ற இரண்டு மாற்றத்திலும் எட்டெட்டு மணி நேரத்தில் நசுங்குகிறோம் என்பதை யாரும் அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

இரவு வேலையைப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2007-ல் சேர்த்ததும், 2019-ல் மறுபடி உறுதி செய்ததும் உங்கள் மருத்துவ அறைக்குத் தெரிந்திருக்கும். அதைக் காட்டிப் பயமுறுத்த நான் வரவில்லை. அதே வரிசையில் ஆட்டுக்கறி, மாட்டுக்கறியும் இருக்கின்றன.

சின்ன வேண்டுகோள் ஒன்று. நைட் முடித்து ஓசூரிலிருந்து இந்தப் பக்கம் வரும் பஸ் தென்கிழக்கே ஓடுகிறது. உதித்த வெயில் ஒன்றரை மணி நேரம் முகத்திலேயே அடிக்கும். தூங்கப் போகிறவனின் உடம்புக்கு "விடிந்துவிட்டது, எழுந்திரு" என்று நீங்களே பஸ்ஸில் ஏற்றிச் சொல்லி அனுப்புகிற மாதிரி. ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். வீட்டுக்குப் போனால் ஷீட் கூரை, பதினோரு மணிக்குக் கொதிக்கும், பக்கத்தில் மைக் செட் வேறு. அதை நீங்கள் மாற்ற முடியாது.

ஒரே ஒரு லைனில், மூன்று சுற்றுக்கு மட்டும் செய்து பாருங்கள். யார் எத்தனை நாள் லீவு போட்டார்கள், எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது என்ற கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கூப்பிட்டால் சார்ட்டோடு வந்து தொழிலாளர்களுக்கும் உங்களுக்கும் விளக்கத் தயார். சம்பளம் வேண்டாம், கம்பெனி பஸ்ஸில் ஒரு சீட் போதும்.

என் மாணவனுக்கு வரும் திங்கள் செகண்டிலிருந்து ஃபர்ஸ்ட் மாறுகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்