நார்த்தாமலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களே, நண்பர்களே, தம்பி தங்கைகளே,

வணக்கம். நார்த்தாமலைக் குன்றுகளையும் அடிவாரத்துக் காட்டையும் ஊருணியையும் கவனித்துக்கொள்ளும் எங்கள் சிறிய அறக்கட்டளைக்குக் கடந்த ஓராண்டாகத் துணை நின்ற எல்லாருக்கும் இந்த மடல். பெயர் போடக் கூடாது என்று பலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். சரி, வேலையை மட்டும் சொல்கிறோம். யார் செய்தது என்பது ஊருக்கே தெரியும்.

முதல் நன்றி, ஆடு மேய்க்கும் பெரியவர்களுக்கு. மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொன்மலை என்று ஒன்பது குன்றுகள். எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தச் சரிவில் ஏறினால் காலடியில் பாறை பெயரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துபடி. செல்போனில் வரைபடத்தைத் திறந்துகொண்டு நின்ற எங்களை "அதை உள்ள வைங்க, பின்னாடியே வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்கள்.

மேலமலைச் சரிவில் உடைந்த பாட்டில்களைப் பொறுக்கிய கல்லூரித் தம்பிகளைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய துண்டுகளை எடுப்பது சுலபம். பாறை வெடிப்புக்குள் மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும் சில்லுகள்தான் உயிரை வாங்கும். பெயிண்ட் அடிக்கும் பிரஷ்ஷால் வெடிப்பைத் தட்டித் தட்டி, மண்ணை முறத்தில் ஏந்தி, சில்லைத் தனியே பிரித்தார்கள். சாக்கில் போட்டால் கிழியும் என்று பழைய எண்ணெய் டின்களில் நிரப்பித் தோளில் வைத்துக் கீழே இறக்கினார்கள். குடித்தவர்கள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏறினார்களே, காலியானதைத் தூக்கிக்கொண்டு இறங்க மட்டும் தெம்பில்லையா என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி.

அந்தச் சரிவுக்கு மேலேதான் விஜயாலய சோழீச்சரம் என்ற பழைய சிவன் கோயில், மேற்குப் பார்த்த வாசலும் வட்டக் கருவறையுமாக நிற்கிறது. பெயரில் சோழன் இருந்தாலும், சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி, அதாவது கற்கோயில் என்றுதான் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. மழையில் அது இடிந்தபோது மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. கட்டியவரோடு பழுது பார்த்தவரையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். பாறையைக் குடைந்து செய்த பழியிலி ஈச்சரம் குடைவரைக் கோயிலிலும் இப்படித்தான். நிருபதுங்க பல்லவனின் 7ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி குடைவித்ததற்கு, முன்னால் முகமண்டபம் சேர்த்தவர் அவருடைய மகள். இதையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டிய ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு நன்றி. "அப்பா பாதியில விட்டதை மகள் முடிச்சாங்களா சார்?" என்று ஒரு சிறுமி கேட்டதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இன்னொரு நன்றி, செய்யாமல் விட்டதற்காக. கோயிலைச் சுற்றிப் பளிச்சென்று டைல்ஸ் போட்டுத் தருகிறேன் என்று பெரிய மனதோடு வந்தார் ஓர் அன்பர். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கியாக வேண்டும் என்பது சட்டம். சட்டமே இல்லாவிட்டாலும் அந்தப் பாறைக்கு டைல்ஸ் எதற்கு? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதே பணத்தில் அடிவாரத்துக் கன்றுகளுக்கு வேலி போட்டுத் தந்தார். கொடுக்க வந்த கையை வேறு பக்கம் திருப்பச் சம்மதிப்பது எல்லாருக்கும் வராது.

ஊருணி வேலைக்கு டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு ஜேசிபி அனுப்பியவருக்கும், வண்டலைத் தங்கள் டிராக்டரிலேயே வயலுக்கு அள்ளிச் சென்ற விவசாயிகளுக்கும் நன்றி. ஆனால் ஜேசிபி போன பிறகுதான் உண்மையான வேலை. சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கே நாலு கிளையாகத் துளிர்த்து நிற்கும். அடிக்கட்டையை வேரோடு எடுத்தால்தான் தொல்லை விடும். கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பின்னாலேயே வந்து மிச்ச வேர்களைத் தோண்டிய மகளிர் குழு அக்காமார்கள் இல்லையென்றால், இந்நேரம் ஊருணிக்குள் மறுபடி முள்காடுதான்.

வீரை, காசா, உலக்கைப்பாலை போன்ற நம்ம காட்டு மரங்கள் நர்சரிகளில் எளிதில் கிடைக்காது. கோயில்காடுகளில் உதிர்ந்த விதைகளைப் பொறுக்கி வந்து கொடுத்தவர்களே, உங்கள் விதைகள் முளைத்திருக்கின்றன. உலக்கைப்பாலை மட்டும் நத்தை வேகம். அதன் குணம் அது.

பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மன் கோயிலுக்கு வந்த கூட்டத்துக்குப் பிளாஸ்டிக் கப் இல்லாமல் டம்ளரில் மோர் ஊற்றிய தண்ணீர்ப்பந்தல்காரர்கள், வெயில் காலத்தில் காய்ந்த புல்லில் நெருப்புப் பிடிக்காமல் கண்விழித்த வனக்காவலர்கள், சின்னச் சின்னத் தொகையாக அனுப்பிக்கொண்டே இருக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் நன்றி. அப்புறம், "கணக்கைக் காட்டுங்கய்யா" என்று கூட்டத்தில் எழுந்து நின்றவருக்கும். அவர் கேட்டதால்தான் வரவு செலவு இப்போது மாதாமாதம் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படுகிறது. முகம் சுளித்த எங்கள் ஆட்கள் சிலருக்கும் இப்போது அது பிடித்துப்போய்விட்டது.

ஐப்பசி மழை பிடித்ததும் கன்று நடவு. வருகிறவர்கள் மண்வெட்டி இருந்தால் கொண்டு வாருங்கள். பிள்ளைகளுக்குக் கெட்டியான செருப்பு போட்டுக் கூட்டி வாருங்கள். தரையில் பழைய முள் இன்னும் கிடக்கிறது.

இப்படிக்கு,
அறக்கட்டளை உறுப்பினர்களுக்காக,
செயலாளர்