வளைவை அளந்துவிட்டு வண்டி வாங்கு, தம்பி

அன்புத் தம்பிக்கு,

நேற்று நீ அனுப்பிய இரண்டு படங்களையும் அம்மாவிடம் காட்டினேன். ஒன்றில் இசுசு வி-கிராஸ் பிக்கப், இன்னொன்றில் மஹிந்திரா தார் ராக்ஸ் ஜீப். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்துவிட்டு, "இதுல எதுல என்னால ஏற முடியும்?" என்று மட்டும் கேட்டார். நீ என்னிடம் கேட்டது வேறு கேள்வி. "அக்கா, நீ நாலு வருஷமா பிக்கப் ஓட்டுற. நானும் அதையே வாங்கிடவா?" பாதி பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. கீழ்ப்பழனி மலையில் பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் நிலம் வைத்திருக்கிற பலருக்கும் இதே குழப்பம் இருக்கிறது. அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்கிறேன், அப்புறம் காரணம். உனக்குப் பிக்கப் வேண்டாம். ஐந்து கதவு உள்ள ஜீப் வகை வண்டியை எடு, அதுவும் நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகிற ஃபோர் வீல் டிரைவ் உள்ளதாகப் பார்த்து எடு. லோடுக்கு வாடகை வண்டி பேசிக்கொள்.

என் பிக்கப் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் அதை எப்படி ஓட்டுகிறேன் என்று உனக்கே தெரியும். விடியற்காலையில் டார்ச் வெளிச்சத்தில் மல்லிகை பறித்து, வெயில் ஏறுவதற்குள் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். பூ மூட்டைக்குக் கனம் இல்லை, இடம்தான் வேண்டும். கொஞ்சம் காற்றும் வேண்டும். மூடிய வண்டிக்குள் அடைத்தால் சூட்டில் மொட்டு வாயைத் திறந்துவிடும், அப்புறம் விலை எங்கே கிடைக்கும்? திரும்பி வரும்போது அதே தொட்டியில் கடலைப் புண்ணாக்கு, யூரியா, ஸ்பிரேயர், சில நாள் ஆட்டுப்புழுக்கை. வீட்டுக்கு வந்ததும் ஓஸ் பைப்பைப் பிடித்துக் கழுவிவிட்டால் முடிந்தது. பூச்சிமருந்து கேன் இருக்கிற இடத்துக்கும் என் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு தகரச் சுவரும் கண்ணாடியும் இருக்கின்றன. பிக்கப்பை நான் விரும்புவதற்கு அந்தச் சுவர்தான் பெரிய காரணம். ஜீப்பில் எவ்வளவு துடைத்தாலும் மருந்து வாடை சீட்டை விட்டுப் போகாது.

ஆனால் என் வண்டி வருஷத்தில் முந்நூறு நாள் லோடு சுமக்கிறது, அதுவும் சமவெளியில். உன் கதை அப்படி இல்லை.

அம்மா எழுதிவைத்திருக்கிற நோட்டை எடுத்துப் போன வருஷக் கணக்கைப் பார்த்தேன். நான்கு ஏக்கரில் காப்பி 28 மூட்டை, மிளகு 5 மூட்டை. மூட்டைக்கு 50 கிலோ என்றால் மொத்தம் 1,650 கிலோ. வாழைத்தாரை வியாபாரியே ரோட்டடிக்கு வந்து எடுத்துக்கொள்கிறார். உரம் இரண்டு நடை, சில்லறைச் சாமான் ஐந்தாறு நடை. ஆக, தொட்டி நிறையும் நாள் வருஷத்துக்குப் பன்னிரண்டுகூடத் தேறவில்லை. மீதி நாளெல்லாம் ஒரு வெறும் தொட்டியை இழுத்துக்கொண்டு மலை ஏறுவாய்.

இன்னொன்றும் யோசித்துப் பார். காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோலுரிக்கும் பல்பர் மெஷினில் போட்டாக வேண்டும், அதில் அவசரம் உண்டு. ஆனால் பல்பர் தோட்டத்திலேயே இருக்கிறது, பழம் மலையை விட்டு இறங்குவதே இல்லை. களத்தில் காய்ந்த பிறகுதான் பட்டிவீரன்பட்டிக்குப் போகிறது. காய்ந்த காப்பி மழை விடும்வரை ஒரு வாரம் காத்திருக்கும். அம்மாவின் மாதாந்திர மதுரை ஆஸ்பத்திரிப் பயணம் காத்திருக்காது. எந்தப் பயணத்துக்குச் சொந்த வண்டி வேண்டும், எதற்கு வாடகை வண்டி போதும் என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது.

சரி, இப்போது மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு வருகிறேன். பெரிய பலாமரம் நிற்கிறதே, தார்ச்சாலையை விட்டுத் தோட்டப் பாதைக்குள் நுழைந்ததும் வருமே, அதுதான். போன ஐப்பசியில் அம்மாவைக் கூட்டி வர என் பிக்கப்பை அந்தப் பாதையில் ஏற்றினேன். அப்பாவின் பழைய ஜீப் ஒரே வெட்டில் திரும்பிய இடம் அது. நான் மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்தேன். பின்னால் வரும்போது வண்டியின் வால் பள்ளத்துக்கு மேலே நிற்கிறது, கண்ணாடியில் வெறும் மரநுனிகள்தான் தெரிகின்றன. பயந்துதான் போனேன் தம்பி.

இது ஓட்டுகிறவரின் கைத்திறமையைப் பொறுத்த விஷயம் மட்டும் இல்லை. இரண்டு வரிசை சீட்டு உள்ள டபுள் கேபின் பிக்கப் என்றாலே கிட்டத்தட்ட 5.3 மீட்டர் நீளம். ராக்ஸ் 4,428 மில்லிமீட்டர். வித்தியாசம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தை வீல்பேஸ் என்பார்கள். அது வி-கிராஸில் 3,095, ராக்ஸில் 2,850, இன்னொரு ஜீப்பான ஃபோர்ஸ் கூர்க்கா ஐந்து கதவில் 2,825. ஒரு சாண் குறைவுதான். ஆனால் கொண்டை ஊசி வளைவில் அந்த ஒரு சாணும், பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் தொட்டியும் சேர்ந்துதான் எத்தனை முறை வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. மேட்டில் ஏறி இறங்கும்போது அடிவயிறு தட்டுவதும் இந்த நீளத்தால்தான்.

கோணங்களையும் பார். பம்பர் தட்டாமல் எவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறி இறங்கலாம் என்பதை இவைதான் சொல்கின்றன. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் முன்பக்க அணுகு கோணம் 29 பாகை, பின்பக்கம் 26. ராக்ஸில் முன்னே 41.7, பின்னே 36.1. நம் பாதையில் மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட வாய்க்கால் குறுக்கே போகிறதே, அதில் முதலில் தட்டப்போவது பிக்கப்பின் பின் பம்பர்தான்.

ஹைலக்ஸையும், அதே டொயோட்டாவின் ஆள் ஏறும் வண்டியான ஃபார்ச்சூனரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தேர்வு இன்னும் தெளிவாகப் புரியும். இரண்டும் ஒரே அடித்தளத்தில் கட்டியவை, இரண்டிலும் ஒரே 2.8 லிட்டர் டீசல் இஞ்சின். ஆனால் ஹைலக்ஸின் வீல்பேஸ் 3,085, ஃபார்ச்சூனருடையது 2,745. ஹைலக்ஸில் பின்னால் லீஃப் ஸ்பிரிங், ஃபார்ச்சூனரில் காயில் ஸ்பிரிங். ஒன்று மூட்டைக்காகச் செய்தது, ஒன்று மனிதர்களுக்காகச் செய்தது. இரண்டுமே நம் பட்ஜெட்டுக்கு வெளியே என்பதால் அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

லீஃப் ஸ்பிரிங் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது சுமைக்காக வளைத்த இரும்பு. சுமை இல்லாவிட்டால் விறைத்துக்கொண்டு நிற்கும், கல்லில் ஏறினால் பின்பக்கம் துள்ளும். இஞ்சின் கனம் முழுக்க முன்னால் இருக்கிறது, தொட்டி காலி, டூ வீல் டிரைவில் போகும்போது தள்ளுவதோ பின் சக்கரம். மழையில் நனைந்த செம்மண் ஏற்றத்தில் அந்தச் சக்கரத்துக்குப் பிடி எங்கிருந்து வரும்? நான் பின் அச்சுக்கு மேலாக நான்கு மணல் மூட்டை போட்டுக்கொண்டுதான் மலைக்கு வருகிறேன். ஃபோர் வீல் போட்டால் ஏறிவிடுகிறது, உண்மைதான். ஆனால் 200 கிலோ மணலைச் சுமந்துகொண்டு அம்மாவைப் பார்க்க வருவது என்ன கணக்கு?

டபுள் கேபின் எவ்வளவு சுமக்கும் என்பதிலும் நீ ஏமாந்துவிடாதே. நம் ஊரில் ஓடும் சாதாரண வாடகைப் பிக்கப் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு இதையும் அப்படியே நினைக்கிறாய். வாங்குவதற்கு முன்னால் ஆர்.சி. விவரத்தைக் கேட்டு, மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்துப் பார். மிஞ்சுவதில் ஆட்களின் எடையும் அடக்கம். ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் ஐந்து பேர் ஏறினாலே 325 கிலோ போய்விடும்.

பறிப்பு நேரத்தில் வேலைக்கு வருகிறவர்களைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று சொன்னாய். அது மட்டும் வேண்டவே வேண்டாம். சட்டமும் அனுமதிக்காது, ஏதாவது ஆனால் இன்சூரன்ஸும் நிற்காது. அந்த அம்மாக்கள் எல்லாம் நம்மைத் தூக்கி வளர்த்தவர்கள். சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வா, இரண்டு நடை ஆனாலும் பரவாயில்லை.

இப்போது அம்மாவின் கேள்வி. மூன்று கதவுத் தாரை நீ ஒரு காலத்தில் ஆசைப்பட்டாய். மலைக்கு அதுதான் மிகப் பொருத்தம், வீல்பேஸ் 2,450தான், நான்கு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கிவிட்டுக் குனிந்து ஏற வேண்டும். முட்டிவலிக்காரர் அதில் எப்படி ஏறுவார்? மாருதி ஜிம்னியும் அதே நீளம்தான், அதற்கு ஐந்து கதவு உண்டு, எடையும் குறைவு. நீ தனி ஆளாக இருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். மூட்டை வைக்க அதில் இடமே இல்லை. ஆக, ராக்ஸா கூர்க்காவா என்றுதான் நீ யோசிக்க வேண்டும். எதை எடுத்தாலும் தரையிலிருந்து உயரமாகத்தான் இருக்கும், அம்மாவுக்காகப் பக்கவாட்டில் ஒரு படிக்கட்டும், உள்ளே பிடித்து ஏறக் கைப்பிடியும் இருக்கிறதா என்று பார்.

கூர்க்காவில் முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் அந்தரத்தில் தொங்கினால், லாக் இல்லாத அச்சில் இழுவையெல்லாம் அந்தத் தொங்குகிற சக்கரத்துக்கே போய் வீணாகச் சுற்றும். லாக் போட்டால் மண்ணில் நிற்கிற சக்கரமும் சேர்ந்து சுற்றும். ராக்ஸின் ஃபோர் வீல் வகையில் பின் அச்சுக்கு அந்த வசதி உண்டு. நம் பாதைக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். மதுரைக்கு நெடுஞ்சாலையில் போய்வரவும் ராக்ஸ்தான் சுகம். 2024இல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி அது. ஒரு விஷயத்தில் கவனமாக இரு. ராக்ஸில் ஃபோர் வீல் டீசலில் மட்டும்தான் வருகிறது, அதிலும் எல்லா வகையிலும் இல்லை. தோற்றத்தைப் பார்த்துவிட்டுப் பின் சக்கர இழுவை மட்டும் உள்ளதை புக் செய்துவிடாதே.

ஓட்டும்போதும் ஒன்றை நினைவில் வை. இந்த வண்டிகளில் ஃபோர் வீல் எப்போதும் போட்டு வைப்பதற்கு இல்லை. காய்ந்த தார்ச்சாலையிலும் காங்கிரீட்டிலும் எடுத்துவிட வேண்டும். முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவில் வெவ்வேறு தூரம் போகின்றன, பிடிமானம் உள்ள தரையில் அந்த வித்தியாசம் கழிய வழி இல்லாமல் கியர்பாக்ஸை முறுக்கும். நம் பாதையில் காங்கிரீட் துண்டும் மண் துண்டும் மாறி மாறி வருகின்றன, அதனால் கை பழகும்வரை பொறுமையாகப் போ. இறங்கும்போது லோ கியரில் போட்டு இஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. இருட்டிய பிறகு காட்டுமாடு குறுக்கே நின்றால் ஹாரன் அடிக்காமல் நில்.

நீ இழக்கப்போவதையும் சொல்லிவிட வேண்டும். நினைத்த நேரத்தில் நாற்றும் எருவும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. உரத்தைத் தார்ப்பாய் விரித்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். பறிப்புக் காலத்தில் வாடகை வண்டி கேட்ட அன்றே கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஏதாவது ஒரு நாள் எருக்குவியலைப் பார்த்தபடி, அக்கா பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது என்று நினைப்பாய். அன்றைக்கு எனக்குப் போன் பண்ணு, என் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். மூன்றாவது வளைவுக்குக் கீழே நிறுத்திக்கொள்கிறேன், அங்கிருந்து மேலே உன் வண்டியில் மாற்றிக்கொள்வோம்.

வரும் சனிக்கிழமை பஸ்ஸிலேயே வா. வத்தலக்குண்டில் இறங்கினால் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். அளக்கும் டேப் என்னிடம் இருக்கிறது. பலாமரத்து வளைவில் அந்தக் கல்லிலிருந்து இந்த ஓரம்வரை எத்தனை அடி என்று இரண்டு பேருமாக அளந்துவிடுவோம். அப்புறம் பெரும்பாறையில் டீ குடித்துவிட்டு, பட்டிவீரன்பட்டிக்கு ஒரு நடைக்கு என்ன வாங்குகிறார்கள் என்று பிக்கப் ஓட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வோம். ஷோரூமுக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. முன் சீட்டிலும் பின் சீட்டிலும் அவரை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்.

அன்புடன்,
அக்கா