ஐந்தாண்டுத் திட்டத்திற்கும் சபைத் தலைவர் பயிற்சிக்கும் நன்கொடை வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், சென்னை, திருப்பூர், வெளிநாடு என்று பிழைப்பை முன்னிட்டுச் சென்றிருந்தாலும், ஒரே ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதியான இச்சேகரத்தைத் தாய்ச்சபையாகவே எண்ணிவரும் உறவுகளுக்கும் சேகரக் கமிட்டியின் ஸ்தோத்திரங்கள்.

இம்முறை நாங்கள் கேட்பது கோபுரத்துக்கோ, தரையில் டைல்ஸ் பதிப்பதற்கோ, ஒலிபெருக்கிக்கோ அல்ல. அவற்றுக்கு நம் மக்கள் தாராளமாகக் கொடுப்பார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். இப்போது கேட்கும் பணம், அடுத்த ஐந்து ஆண்டுகளில் நம் ஒன்பது சபைகளை யார், எப்படி நடத்துவது என்பதை உட்கார்ந்து யோசித்து எழுதவும், அதற்குரிய ஆட்களைப் பயிற்றுவிக்கவும் செலவாகும். முடிவில் பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்றும் இராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

திருமங்கலத்துக்கு மேற்கே பரந்து கிடக்கும் இச்சேகரத்துக்கு ஆயர் ஒருவரே. ஞாயிறு காலை தலைமைச் சபையில் ஆராதனையை முடித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு கிராமங்களுக்குப் போய்த் திரும்புவதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிடுகிறது. மற்றச் சபைகளுக்கு ஆயர் வருவது, அங்கே திருவிருந்து (நற்கருணை) முறை வரும் ஞாயிறில்தான். முன்பு ஆயருக்குத் துணையாகக் கிராமச் சபைகளைக் கவனித்த உபதேசியார்கள் பார்த்த இடங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன. ஆகவே ஆயர் வராத நாட்களில் ஜெபம் நடத்துவது, வேதபாடம் வாசித்து நாலு வார்த்தை சொல்வது, காணிக்கையை எண்ணிப் பதிவது, நோயாளியைப் போய்ப் பார்ப்பது எல்லாமே சபையாரிலிருந்தே பொறுப்பேற்ற மூப்பர் இரண்டு மூன்று பேர் தலையில் விழுகின்றன. அவர்களுக்கும் வயதாகிறது.

குடும்பப் பதிவேட்டைப் புரட்டினாலே நிலைமை விளங்கும். ஒரு பெயருக்கு எதிரே பென்சிலால் ‘திருப்பூர்’ என்றும், அடுத்ததில் ‘கோவை’ என்றும், அதற்கடுத்ததில் வெறும் கேள்விக்குறியும் போட்டிருக்கிறது. சபையார் கட்டும் சந்தா வரும் பெயர்கள் ஒன்று, ஆராதனைக்கு வரும் முகங்கள் வேறு. நர்ஸ், ஆசிரியை, வங்கி ஊழியர் என்று படித்து வேலை பார்க்கும் பெண்கள் எல்லாச் சபைகளிலும் இருந்தும், ஓய்வுநாள் பள்ளியைத் தவிர வேறு பொறுப்பை அவர்களிடம் நாம் ஒப்படைத்ததில்லை. இதற்கிடையே மூன்றாண்டுக்கு ஒருமுறை கமிட்டி மாறுகிறது. புதிய செயலாளர் கைக்கு வருவது தீர்மானப் புத்தகமும் ரசீதுப் புத்தகமும் பீரோச் சாவியும்தான். முந்தையவர்கள் எதை எண்ணித் தொடங்கினார்கள், ஏன் பாதியில் நிறுத்தினார்கள் என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. (தேர்தல் நேரத்தில் மட்டும் எல்லாரிடமும் திட்டம் இருக்கும் என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னதை நாங்கள் மறுக்கவில்லை.)

1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், எட்டே ஆண்டுகளில், 1842-இல், நம் திருமங்கலத்தில் ஒரு செமினரியை, அதாவது உள்ளூர் ஊழியரைப் பயிற்றும் பள்ளியை, தொடங்கி, 1845-இல் அதைப் பசுமலைக்கு மாற்றினார்கள். உள்ளூர் ஆட்களைத் தயார் செய்யாமல் ஊழியம் நிலைக்காது என்று அவர்கள் அத்தனை சீக்கிரம் கண்டுகொண்டார்கள். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் பொறுப்பு முழுவதும் நம் கைக்கு வந்தது. ஆயர்களை உருவாக்க 1969 முதல் அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. மூப்பரையும் கமிட்டியாரையும் உருவாக்குவது சேகரத்தின் வேலை, அதைத்தான் நாம் தள்ளிப்போட்டு வந்திருக்கிறோம்.

ஜெபித்தால் போதாதா, கம்பெனி மாதிரித் திட்டம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் மோசே காலைமுதல் மாலைவரை தனியாக வழக்குத் தீர்த்துக் களைத்துப்போவதைக் கண்டு, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை வைக்கச் சொன்னவர் வெளியூரிலிருந்து வந்த மாமனார். நமக்கும் நம் உட்பகைகளில் சம்பந்தப்படாத ஒருவர் கூட இருந்து கேள்வி கேட்பது நல்லது என்று கருதி, அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரை அழைக்கத் தீர்மானித்திருக்கிறோம்.

முதலில் வாலிபர் சங்கத்தார் வீடுவீடாகச் சென்று பதிவேட்டைச் சரிசெய்வார்கள். பயணத்துக்கும் படிவங்களுக்கும் ரூ.40,000. பிறகு ஒன்பது சபைகளின் பிரதிநிதிகளும், அவர்களில் பாதிப் பேராவது பெண்களும் இளைஞருமாக, இருமுறை தங்கி ஆலோசிப்பார்கள்; வழிகாட்டியின் செலவு உட்பட ரூ.1,20,000. மூடிக் கிடக்கும் விடுதிக் கட்டடத்தை வாடகைக்கு விடுவதா, வேறு ஊழியத்துக்குத் திருப்புவதா என்பது போன்ற, ஒவ்வொரு கமிட்டியும் அடுத்த கமிட்டிக்கு விட்டுவைத்த கேள்விகள் அங்கே முடிவாக வேண்டும். அதன்பின் பத்து மாதங்கள், மாதம் ஒரு சனிக்கிழமை, பிரசங்கம் தயாரிப்பது, வரவுசெலவு படிப்பது, தீர்மானம் எழுதுவது, மனத்தாங்கலைப் பேசித் தீர்ப்பது ஆகியவற்றில் பயிற்சி. சாப்பாடு, பேருந்துச் செலவு, பாடநூல்களுக்கு ரூ.1,30,000. திட்டத்தை அச்சிட்டு எல்லா வீடுகளுக்கும் கொடுக்க ரூ.30,000. ஆக மொத்தம் ரூ.3,20,000. கமிட்டி உறுப்பினர்கள் தங்களுக்குள் ரூ.50,000 போட்டிருக்கிறோம். சந்தாப் பணம் ஆயரின் சம்பளத்துக்கும் திருமண்டலத்துக்கு (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட மேலமைப்புக்கு) செலுத்தும் பங்குக்குமே சரியாகிவிடுவதால் மீதிக்கு உங்களிடம் வருகிறோம்.

நன்கொடையைப் பொருளாளரிடமோ சபை மூப்பரிடமோ கொடுத்து, எண்ணிட்ட ரசீதைத் தவறாமல் பெற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களின் பணத்தை, 2010-ஆம் ஆண்டு அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, அனுமதி பெறாத எங்கள் சேகரம் வாங்க இயலாது. அவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பணம் கொடுக்க இயலாதவர்கள் ஒரு சனிக்கிழமைச் சமையலையோ, ஒரு நாள் வேனையோ ஏற்றுக்கொண்டால் அதுவும் கணக்கில் நன்கொடையாகவே பதியப்படும்.

நவம்பர் முடிவதற்குள் வரும் தொகையை வைத்து ஜனவரியில் வீட்டுச் சந்திப்பைத் தொடங்குவோம். முழுத்தொகை சேராவிட்டால் அச்சுச் செலவைக் குறைப்போமே தவிரப் பயிற்சியைக் குறைக்க மாட்டோம். வரவுசெலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்பது ஆலயங்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
சேகரக் கமிட்டியார்